உதவி: அம்மாவின் பான் முடங்கிவிட்டது, கணக்குத் தாக்கல் செய்தால் உரிமைத்தொகை நின்றுவிடுமா?

ஓசூர்வாசி:
வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, ஊரில் தனியாக இருக்கிறார். அப்பாவின் வருங்கால வைப்பு நிதிப் பணத்தை ஒரு வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருக்கிறோம். அந்த வட்டியில்தான் அவருக்கு வீடு நடக்கிறது. 2024–25 நிதியாண்டில் வந்த வட்டி 1,12,000 ரூபாய். அதில் 22,400 ரூபாயை டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என்று பிடித்துக்கொண்டார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று ஏப்ரலிலேயே 15எச் படிவம் எழுதிக் கொடுத்திருந்தோம். கேட்டால், "பான் செயலிழந்துவிட்டது, படிவம் செல்லாது" என்கிறார்கள்.

ஆதாருடன் இணைக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. ஆதாரில் அப்பாவின் முதலெழுத்தோடு அம்மாவின் பெயர். பான் அட்டையிலோ தாத்தாவின் முழுப்பெயர் அம்மா பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

பணத்தைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டுமாம். அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பானும் ஆதாரும் ஒன்றாகிவிட்டால் அது நின்றுவிடுமோ என்று இரண்டு நாளாகப் புலம்புகிறார். என்ன செய்வது?

மேலத்தெரு:
தாக்கலே செய்யாதீர்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா இணைத்த மாதமே தொகை நின்றுபோனது. 22,400 போனால் போகட்டும், மாதப் பணம் முக்கியம்.

கணக்குப்பிள்ளை:
ஒன்றுக்குப் பின் இன்னொன்று நடந்தது என்பதற்காக முன்னதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தொகை ஏன் நின்றது என்று அந்த அக்கா விசாரித்தாரா? 22,400 என்பது ஏறக்குறைய இரண்டு ஆண்டு உரிமைத்தொகை. அதை விடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தம்பி, முதலில் பான். 2017 ஜூலை 1-க்கு முன்பு பான் வாங்கியவர்கள் 2023 ஜூன் 30-க்குள் இணைத்திருக்க வேண்டும். விட்டவர்களின் பான் மறுநாளே செயலிழந்தது. செயலிழந்த பான் இல்லாத பானுக்குச் சமம். அதனால்தான் 10 சதவீதத்துக்குப் பதிலாக 20, அதனால்தான் 15எச் செல்லவில்லை. 80 வயது நிறைந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அம்மாவுக்கு அது பொருந்தாது. 1,000 ரூபாய் கட்டணம் கட்டி இணைத்தால் 30 நாட்களுக்குள் பான் உயிர்பெறும்.

பெயர்ச் சிக்கல் நம் ஊருக்கே உரியது. பான் விண்ணப்பம் முதலெழுத்தை ஏற்காது. விரித்து எழுதச் சொல்லும். மணமான பெண்ணானாலும் தந்தை பெயரைத்தான் கேட்கும். ஆதாரிலோ கணவரின் முதலெழுத்து. தந்தை பெயருக்கான கட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இணைக்கும்போது பார்ப்பது பெயர், பிறந்த தேதி, பாலினம் மட்டுமே. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ரேஷன், வங்கி எல்லாம் அந்தப் பெயரில் ஓடுகிறது. அதில் கைவைக்காமல், பானில் உள்ள பெயரை ஆதாரைப் பார்த்துத் திருத்துங்கள். பிறந்த தேதியையும் ஒருமுறை பாருங்கள். அந்த வயதினர் பலருக்கு ஆதாரில் ஆண்டு மட்டுமே இருக்கும்.

ஓசூர்வாசி:
நன்றி ஐயா. பிறந்த தேதி இரண்டிலும் ஒன்றுதான். உரிமைத்தொகை?

கணக்குப்பிள்ளை:
கணக்குத் தாக்கல் செய்தவர் எல்லாம் வரி கட்டுபவர் அல்ல. 1.12 லட்சத்துக்கு வரி பூஜ்யம். ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்கு மேல் சம்பாதித்து வரி கட்டுபவர் குடும்பத்தில் இருந்தால் அந்தத் திட்டத்தில் தகுதி போகும். அம்மாவின் வட்டி அதில் பாதியைக்கூடத் தொடவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பான் ஆளை எண்ணும், உரிமைத்தொகை குடும்ப அட்டையை எண்ணும். அம்மாவின் அட்டையில் இன்னும் யார் யார் பெயர் இருக்கிறது?

ஓசூர்வாசி:
என் பெயர் இருக்கிறது. அம்மா விண்ணப்பித்தபோது எனக்கு வேலை இல்லை. இப்போது ஓசூரில் மனைவியோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். போன ஆண்டு சம்பளத்தில் வரி பிடித்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் அம்மாவின் கணக்கு வம்பே இல்லை, வம்பு உங்கள் கணக்கில் இருக்கிறது. உங்கள் பானும் ஆதாரும் ஏற்கெனவே இணைந்தவை, அதே ஆதார் எண் அம்மாவின் ரேஷன் அட்டையிலும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது நீங்கள்தான். அம்மா தாக்கல் செய்தாலும் செய்யாவிட்டாலும் இது மாறாது.

உண்மையாகவே தனிக்குடித்தனம் என்பதால் பெயர் நீக்கத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, ஓசூரில் தனி அட்டை கேளுங்கள். இதை மறைத்துவைத்து அம்மாவைப் பயத்தில் உட்காரவைக்க வேண்டாம். தொகை நின்றால் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். 2023-ல் நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்தார்கள்.

மேலத்தெரு:
அந்த அக்கா வீட்டு அட்டையிலும் மகன் பெயர் இருக்கிறது. சென்னையில் வேலை. இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஓசூர்வாசி:
ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். பானில் பெயர் திருத்தி வந்தது, இணைப்பும் முடிந்தது. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் 22,400 தெரிகிறது, தாக்கல் செய்துவிட்டேன். குடும்ப அட்டையிலிருந்து என் பெயரை நீக்க விண்ணப்பித்திருக்கிறேன். அதைச் சொன்னபோதுதான் அம்மா அழுதார். ஆயிரம் ரூபாய் பேச்சையே அவர் எடுக்கவில்லை.