புகைக்கூடத்து இருட்டும் வாசல் வெயிலும்: கட்டளை வரியில் எச்டிஆர் அனுபவங்கள்

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

மலேசியாவில் எங்கள் பக்கத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. பழைய புகைக்கூடம் ஒன்று மட்டும் இன்னும் நிற்கிறது. ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டுப் புகையில் உலர்த்திய இடம். உள்ளே சுவரும் உத்தரமும் கரியேறிக் கிடக்கின்றன. வாசலுக்கு வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. ஒரே படத்தில் இரண்டும் வராது. வாசலுக்குக் கணக்குப் பார்த்து எடுத்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, உள்ளுக்குப் பார்த்தால் வாசல் வெளுத்துப் போகும்.

வெவ்வேறு வெளிச்ச அளவில் பல படங்கள் எடுத்து, இருட்டும் வெயிலும் சேர்ந்து தெரியும் ஒரே படமாக்கும் எச்டிஆர் இந்தக் குழுவில் பலருக்கும் பழக்கமான வேலைதான். கடைசியில் எதைச் சேமித்து வைக்கிறோம் என்பதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். இடித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாத கட்டடம் இது.

முக்காலி, மேனுவல் முறை, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 100. ஷட்டர் வேகத்தைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. 1/1000 விநாடியில் தொடங்கி 1/250, 1/60, 1/15, 1/4, 1, 4 விநாடி என்று இரண்டிரண்டு ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) இறங்கினால், வெயிலில் காயும் புல்லிலிருந்து கூரை மூலையின் கரி வரைக்கும் ஏதோ ஒரு படத்தில் ஒழுங்காகப் பதிந்துவிடும்.

சேர்ப்பதற்கு பிஎஃப்எஸ்டூல்ஸ். ஜெர்மனியில் சார்புரூக்கன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் கணினியியல் கழகத்தில் உருவான, கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கருவித்தொகுப்பு. உபுண்டு லினக்ஸில் அதே பெயரில் நிறுவிக்கொள்ளலாம். இதில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரே வேலை: ஒன்று படத்தைப் படிக்கும், அடுத்தது மாற்றும், அதற்கடுத்தது எழுதும். இடையில் பைப் குறி (|) போட்டுக் கோத்துவிட வேண்டும். முதலில் ஜேபெக்டுஎச்டிஆர்ஜென் எல்லாப் படங்களின் எக்ஸிஃப் தகவலையும் (ஷட்டர், துவாரம் என்று கேமரா படத்தோடு எழுதிவைக்கும் விவரம்) படித்து ஓர் எழுத்துக் கோப்பு தரும். அதை பிஎஃப்எஸ்இன்எச்டிஆர்ஜென் வாங்கி, பிஎஃப்எஸ்எச்டிஆர்கேலிபரேட்டிடம் கொடுக்கும். அது எல்லாப் படங்களையும் ஒரே ஒளி அளவுப் படமாகச் சேர்க்கும். கேமரா வெளிச்சத்தை எப்படி வளைத்துப் பதிகிறது என்பதையும் அந்தப் படங்களை வைத்தே கண்டுபிடிக்கும். டெபெவெக்கும் மாலிக்கும் 1997-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவலான வழி இது. இந்தக் கருவியில் ராபர்ட்சன் முறையும் இருக்கிறது.

சேர்த்ததை ஈஎக்ஸ்ஆராக எழுதி வைக்கிறேன். சினிமா கிராஃபிக்ஸுக்காக இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனம் உருவாக்கி 2003-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட வடிவம். ஒரு வண்ணத்துக்கு 16 பிட் மிதவைப் புள்ளி எண். துல்லியம் குறையாமல் 30 ஸ்டாப் அடங்கும், ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் 1024 படிகள். ஜேபெக்கில் மொத்தமே 256 படிகள்தான். கிரெக் வார்டின் ரேடியன்ஸ் வடிவமும் மோசமில்லை, ஒரு புள்ளிக்கு 4 பைட்டில் முடித்துவிடும். ஆனால் மூன்று வண்ணமும் ஒரே அடுக்கெண்ணைப் பகிர்வதால் துல்லியம் குறையும், ஆவணத்துக்கு என் ஓட்டு ஈஎக்ஸ்ஆருக்கே. சுருக்க முறையில் பிஐஇசட் போடுங்கள், இழப்பில்லாதது. பி44 வேண்டாம், அது இழக்கும்.

பார்ப்பதற்கான ஜேபெக் அதன் பிறகுதான். ஈஎக்ஸ்ஆரின் பெரிய வெளிச்ச வீச்சைத் திரைக்குள் அடக்கப் பல முறைகள் உண்டு. டிராகோவின் 2003 முறை, ரைன்ஹார்டின் 2002 முறை, மான்டியுக்கின் 2006 முறை மூன்றும் இந்தத் தொகுப்பிலேயே உண்டு. புகைக்கூடத்துக்கு எனக்குப் பிடித்தது டிராகோ. பயஸ் மதிப்பு அதன் இயல்பான 0.85, அடுத்து திரைக்கேற்ற வெளிச்சத் திருத்தமான காமா 2.2, கரி கரியாகவே இருக்கும். மான்டியுக் சுவரின் ஒவ்வொரு கீறலையும் வெளியே இழுக்கும், கொஞ்சம் கூட்டினாலே அழுக்கு பூசியது மாதிரி ஆகிவிடும். நாளை இதைவிட நல்ல முறை வரும். ஈஎக்ஸ்ஆர் கையில் இருந்தால் அன்றைக்குப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். வெறும் ஜேபெக்கை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இன்னொரு லாபமும் உண்டு. கட்டளைகளை ஒரு சிறு ஸ்கிரிப்டாக எழுதினால் லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை), பெரட்டுக் களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), ஆயாக் கொட்டகை (குழந்தைகள் காப்பகம்) எல்லாவற்றுக்கும் அதே எண்கள். ஓர் அறை பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் வராது. அந்த ஸ்கிரிப்டைப் படங்களோடு ஒரே கோப்புறையில் போட்டு வைத்தால், என்ன செய்தோம் என்று யாரும் திறந்து படிக்கலாம்.

கூலிம் உறுப்பினர்:

அண்ணே, அந்த எழுத்துக் கோப்பு எனக்கு எவ்வளவு உதவியது தெரியுமா! என்னிடம் இருப்பது பழைய லென்ஸ், கேமராவோடு பேசாது. எக்ஸிஃபில் துவாரத்தின் அளவு வரவே வராது. கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு வரியிலும் படத்தின் பெயர், ஷட்டர் எண், துவாரம், ஐஎஸ்ஓ. துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் கையால் 8 என்று அடித்தேன், வேலை முடிந்தது. ஷட்டர் எண் தலைகீழாக இருக்கும் என்பதை மட்டும் புதிதாக வருபவர்கள் கவனிக்கட்டும். 1/250 விநாடி என்றால் 250. 4 விநாடி என்றால் 0.25. பொத்தான் மட்டுமே உள்ள மென்பொருளில் இந்த இடத்தைத் தொட எனக்கு வழியே கிடைக்கவில்லை.

தெலுக் இந்தான் உறுப்பினர்:

நான் எடுப்பது தோட்டத்து மாரியம்மன் கோயில். திருவிழாக் கூட்டத்தில் முக்காலி வைக்க இடமேது? கையில் பிடித்தபடி மூன்று படம், முன்னும் பின்னும் இரண்டு ஸ்டாப். படங்களை ஒட்டும் மென்பொருளான ஹியூகினோடு வரும் அலைன் இமேஜ் ஸ்டாக் என்ற கட்டளை முதலில் மூன்றையும் நேராக ஒட்டவைக்கும். பிறகு என்ஃப்யூஸ். இது எச்டிஆர் கோப்பே செய்யாது. மெர்ட்டன்ஸ் குழு 2007-இல் சொன்ன வழியில், ஒவ்வொரு படத்திலும் நன்றாகப் பதிந்த பகுதிகளுக்கு அதிக மதிப்புக் கொடுத்து நேரடியாகக் கலக்கும். இயல்பாக வெளிச்சத்துக்கு 1, வண்ணச் செறிவுக்கு 0.2 என்று எடை. கோபுரத்து வண்ணங்கள் ஏற்கெனவே அடர்த்தி, அதனால் செறிவின் எடையை 0 ஆக்கிவிடுவேன். கருவறை விளக்கும் வெளிமண்டபமும் கண்ணால் பார்த்தபடியே வருகின்றன.

தீபாராதனையில் மட்டும் சிக்கல். சுடர் ஆடுகிறது, பூசாரியின் கை நகர்கிறது, ஒரே தட்டு இரண்டாகத் தெரிகிறது. அந்த நேரத்தில் ஒரே ரா படம் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) போதும் என்பது என் முடிவு.

சுங்கை சிப்புட் தம்பி, ஒரு கேள்வி. ஈஎக்ஸ்ஆர் கைத்தொலைபேசியில் திறப்பதில்லை. தோட்டத்துப் பெரியவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

சுங்கை சிப்புட் உறுப்பினர்:

அக்கா, அவர்களுக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஜேபெக் அனுப்புங்கள், அதுதான் சரி. ஈஎக்ஸ்ஆர் வன்தட்டில் இருக்கட்டும். எக்ஸ்ஆர்ஹெடர் என்ற கட்டளை கொடுத்தால் படத்தின் அளவும் சுருக்க முறையும் திரையில் வந்துவிடும். உங்கள் கோயில் படங்களில் என்ஃப்யூஸ் செய்தவற்றுக்கு மூலப் படங்கள் மூன்றையும் அழித்துவிடாதீர்கள். ஷட்டர் வேகம் எக்ஸிஃபில் இருக்கும் வரை அவற்றிலிருந்து எப்போது வேண்டுமானாலும் ஈஎக்ஸ்ஆர் எழுதலாம். முதலில் அலைன் இமேஜ் ஸ்டாக், அது நேராக்கித் தரும் டிஃப் படங்களின் பெயர்களை எழுத்துக் கோப்பில் மாற்றிப் போடுங்கள், மற்ற எண்கள் அப்படியே இருக்கட்டும். என் ஸ்கிரிப்டை இன்று இரவு இங்கேயே போடுகிறேன்.