பேத்தி தமிழில் பதில் பேச மாட்டேன் என்கிறாள், வழி சொல்லுங்கள்

பேத்திக்கு 5 வயது. நான் தமிழில் கேட்பதெல்லாம் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான். "தண்ணி வேணுமா கண்ணு?" என்றால் "நோ தாத்தா" என்று ஓடிவிடுகிறாள்.

மதுரையிலிருந்து பெங்களூரு அல்சூருக்கு, மகன் வீட்டோடு வந்து 8 மாதம் ஆகிறது. மருமகளுக்குத் தாய்மொழி கன்னடம். அவர்கள் இருவருக்கும் ஆங்கிலம்தான் தோது. யாரையும் குறை சொல்ல முடியாது.

சுவரில் எழுத்து அட்டவணை ஒட்டினேன். 247 எழுத்தையும் பார்த்து மிரண்டுவிட்டாள். மிட்டாய் லஞ்சமும் கொடுத்துப் பார்த்தாயிற்று, மிட்டாய்தான் தீர்ந்தது. ராத்திரி கதை சொல்லும்போது மட்டும், கண்ணைக் கசக்கிக்கொண்டே "அப்புறம்?" என்கிறாள். இதுவரை கிடைத்தது அந்த ஒரு சொல்தான்.

கதை கேட்கும் குழந்தையைத் திருப்பிக் கதை சொல்ல வைத்த தாத்தா பாட்டிகள் இங்கே இருந்தால், முதலில் என்ன செய்தீர்கள்?