மறு: 'சுழலாணி' வேண்டாம், 'கீலாணி', 'கவ்வல்' – என் பரிந்துரை

அன்புடையீர்,

இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்தேன். நான்கு சக்கரக் குவாட் பைக்கின் பராமரிப்புக் கையேட்டில், ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் கரம்), அதைச் சட்டத்தோடு இணைக்கும் பிவட் போல்ட், அந்த போல்ட் சீஸ் ஆவது (அசையாமல் சிக்கிக்கொள்வது) ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொற்கள் முடிவாகாததால்தான் பின்பகுதி அத்தியாயம் நிற்கிறது. அதனால் சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஸ்விங்ஆர்முக்கு 'ஆடுகரம்'. பிவட் போல்ட்டுக்குச் 'சுழலாணி' போதும். சுருக்கமாக இருக்கிறது.

'ஆடுகரம்' நல்ல சொல், அதில் எனக்கு மறுப்பில்லை. 'சுழலாணி'யில்தான் சிக்கல். அந்த ஆணி சுழல்வதே இல்லை, ஐயா.

ஆடுகரத்தின் முன்முனை சட்டத்தோடு சேரும் இடத்தில் நீளமான ஓர் எஃகு போல்ட் குறுக்கே போகிறது. கரத்தின் துளைக்குள் ஊசிபோல மெல்லிய உருளைகள் கொண்ட ஊசி பேரிங்குகள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஓர் எஃகுக் குழல்; பணிமனையில் புஷ் என்றோ காலர் என்றோ சொல்வது இதைத்தான். குழலுக்குள் போல்ட். நட்டை முறுக்கியதும் சட்டத்தின் இரண்டு காதுகளுக்கும் நடுவே குழல் நெருக்குண்டு அசையாமல் நின்றுவிடும். சக்கரம் மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது கரம் ஆடுகிறது, ஊசிகள் குழலின் வெளிப்புறத்தில் உருள்கின்றன. போல்ட்டும் குழலும் சட்டத்தோடு சட்டமாகச் சும்மா இருக்கின்றன.

சும்மா இருப்பதுதான் வினையே. போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி உண்டு. சேறும் தண்ணீரும் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் சீலைத் தாண்டி வந்தால் அந்த இடைவெளி தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அங்கே அசைவு இல்லாததால் இருக்கிற கிரீஸும் பரவாது, காய்ந்து ஒதுங்கிவிடும். பிறகு துரு. துருவாக மாறிய இரும்பு முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் இல்லாததால் இரண்டு பரப்புகளையும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அதுவும் போல்ட்டின் நீளம் முழுவதும்.

இப்போது 'சுழலாணி' என்று படிக்கும் வாசகர் என்ன நினைப்பார்? சுழல்கிற பொருள், எனவே கிரீஸ் ஏற்றும் வாயான நிப்பிளில் நாலு அழுத்து அழுத்தினால் அதற்கும் போய்ச் சேரும் என்றுதான். நிப்பிள் உள்ள வண்டிகளில் அந்த கிரீஸ் பேரிங்குக்குப் போகிறது, அதாவது குழலுக்கு வெளியே. குழலுக்குள் இருக்கும் போல்ட்டுக்குப் பெரும்பாலும் ஒரு சொட்டும் போவதில்லை. பேரிங் புதுசுபோல இருக்கும், போல்ட் மட்டும் வர மறுக்கும். சம்மட்டியோடு நிற்கும் பாதிப் பேர் இந்தக் குழப்பத்தில் சிக்கியவர்கள் என்பது என் எண்ணம். பெயரே தவறான பராமரிப்புக்கு வழிகாட்டக் கூடாது.

எனவே 'கீலாணி' என்கிறேன். கதவுக் கீலிலும் ஆணி நிற்கிறது, தகடுதான் திரும்புகிறது. கீல் என்றால் தார் என்றும் பொருள் உண்டே என்று அகராதிப் பணியில் இருக்கும் அம்மா கேட்டிருந்தார்கள். உண்டுதான். ஆனால் 'ஆடுகரக் கீலாணி' என்று படித்துவிட்டுத் தார் டப்பாவைத் தேடுபவர் யாரும் இருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

> சீஸ் ஆவதற்கு 'இறுகிப்போதல்' எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் கையேட்டில் வைத்துப் பாருங்கள்: "கீலாணி இறுகிவிடாதபடி, நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்குக." இதைப் படிப்பவர் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு நம்மைத் தேடுவார். இறுக்கம் நாம் வேண்டி அளந்து கொடுப்பது. சீஸ் ஆவது வேண்டாமல் நேர்வது. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் கூடவே கூடாது.

> அப்படியானால் 'துருப்பிடித்தல்' என்றே எழுதிவிடலாமே?

துரு ஒரு காரணம், அவ்வளவே. துருப்பிடித்த ஆணி எளிதாகக் கழன்று வருவதும் உண்டு, கண்ணுக்குத் துருவே தெரியாத ஆணி அசைய மறுப்பதும் உண்டு.

பணிமனை நடத்தும் நண்பர் "நாங்க பிடிச்சுக்கிச்சுன்னுதான் சொல்லுவோம்" என்று எழுதியிருந்தார். எனக்கும் அதுதான் முதலில் பிடித்தது. ஆனால் பெயர்ச்சொல் ஆக்கினால் 'பிடிப்பு' வருகிறது. டயருக்குத் தரையில் இருக்க வேண்டியதும் பிடிப்புதான். ஆகவே அதே பொருளில் சற்றே கடுமையான 'கவ்வு' என்னும் வினையை எடுக்கலாம் என்பது என் பரிந்துரை. கவ்விக்கொண்டது, கவ்விய ஆணி, கவ்வாமல் காக்க, கவ்வல். எப்படி வளைத்தாலும் உடையாத சொல். 'கவ்வி' என்பதைக் கிளிப்புக்கு ஏற்கெனவே சிலர் பயன்படுத்துகிறார்கள் என்ற தடை வரலாம். அது கருவியின் பெயர், இது நிலையின் பெயர், ஒன்றையொன்று மிதிக்காது.

இந்தச் சொல்லில் நான் நிற்பதற்கு இன்னொரு காரணம், இதன் முன்னால் அடை சேர்த்துக் காரணத்தைப் பிரித்துக் காட்டலாம். காரணம் வேறானால் தடுக்கும் வழியும் வேறு.

மேலே சொன்னது 'துருக்கவ்வல்'. இதற்கு மருந்து ஒன்றுதான்: கவ்வுவதற்கு முன் கழற்றுவது. பருவத்துக்கு ஒருமுறையாவது, ஆற்றிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் இன்னும் அடிக்கடி, கீலாணியை முழுதாக உருவி எடுக்க வேண்டும். பழைய கிரீஸைத் துடைத்து, துருப்புள்ளிகளை மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, தண்டு முழுவதும் தண்ணீருக்குக் கரையாத கிரீஸைப் பூச வேண்டும். படகு டிரெய்லர் சக்கரங்களுக்கு விற்கும் வகை நன்றாகவே உழைக்கும். குழலின் உட்புறத்தையும் மறக்கக் கூடாது. பூசுபவர்கள் பெரும்பாலும் விடுவது இதைத்தான். சீலின் உதடு கிழிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். கழுவும்போது உயர் அழுத்தத் தண்ணீரை அந்த மூட்டுக்கு நேராகப் பாய்ச்சக் கூடாது, சேறு தாண்ட முடியாத சீலையும் அது தாண்டிவிடும்.

இரண்டாவதை 'மின்னரிப்புக் கவ்வல்' எனலாம். சில வண்டிகளில் கீலாணி சட்டத்தோடு நிற்காமல் இயந்திர உறையின் பின்காதுகள் வழியாகவும் போகிறது. உறை அலுமினியம், ஆணி எஃகு. நடுவில் உப்புச்சேறு வந்துவிட்டால் இரண்டு உலோகமும் ஒரு மின்கலம்போல வேலை செய்யத் தொடங்கும். அரிபடுவது அலுமினியம்தான். வெள்ளைப் பொடியாக உப்பி எஃகைக் கவ்விக்கொள்ளும். இங்கே துருவே இல்லாமலும் இருக்கலாம், 'துருப்பிடித்தல்' என்ற சொல் உதவாததும் இங்கேதான்.

இதையொட்டி ஒரு மாற்றுக் கருத்து. அன்டி-சீஸுக்குக் 'கவ்வல் தடுப்புப் பசை' என்று வைப்போம். ஆனால் வரைவில் "செம்பு கலந்த பசையைப் பூசுக" என்று இருக்கிறது. செம்பு கலப்பது மிகுந்த வெப்பத்தைத் தாங்குவதற்காக. ஆடுகர மூட்டில் அப்படிப்பட்ட வெப்பம் ஏது? அலுமினியத்தின் அருகில் செம்பை வைப்பது மின்னரிப்புக்குத் தூபம் போடுவதாகவும் ஆகலாம். நல்ல நீர்தாங்கு கிரீஸ் போதும் என்று திருத்தக் கோருகிறேன்.

மூன்றாவது திருகில் நேர்வது: முறுக்கும்போது உரசிய பரப்புகள் பற்றவைத்ததுபோல ஒன்றாகிவிடுவது. ஸ்டெயின்லெஸ் ஆணியில் ஸ்டெயின்லெஸ் நட்டைப் பூட்டுபவர்களுக்கு இது பழக்கமான தலைவலி. 'உரசுகவ்வல்' என்று குறிக்கலாம். தொழிற்சாலைக் கீலாணியில் இது குறைவு, ஒரு வரி போதும்.

வரைவில் "ஆணி முழுவதும், மரை உட்பட, தாராளமாகப் பூசுக" என்று இருக்கும் வாக்கியத்தையும் நீக்க வேண்டும். மரையில், அதாவது திருகு வரிகளில், பசை ஏறினால் உராய்வு குறையும். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் அதே எண்ணை வைத்து முறுக்கினாலும் ஆணியின் மேல் விழும் இழுவை கூடிவிடும். தயாரிப்பாளர் கொடுத்த எண் உலர்ந்த மரைக்கா, பூசிய மரைக்கா என்று பார்த்துவிட்டுத்தான் மரையைத் தொட வேண்டும். தண்டுக்குத் தாராளம், மரைக்குக் கணக்கு.

கழற்றும் பகுதியில் ஒரு சிறு தெளிவு சேர்க்கலாம். கவ்விய கீலாணியின் தலையில் ரெஞ்சைப் போட்டுத் திருப்பும்போது அது திரும்பிவிட்டால் விடுபட்டது என்று எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். பல நேரம் ஆணியும் குழலும் ஒன்றாகவே ஊசிகளுக்குள் திரும்பிக்கொண்டிருக்கும். அடித்தாலும் வெளியே வராது. இதற்குத் தனிச்சொல் வேண்டுமா என்று யோசித்தேன், வேண்டாம் என்று படுகிறது. ஊடுருவும் எண்ணெயைத் தெளித்து ஊற விட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருப்பிப் பார்த்து, பிறகே தட்ட வேண்டும். தட்டும்போது நட்டை முனையோடு சமமாகத் திருகி வைத்து, பித்தளைக் கோலால் தட்டினால் மரை நசுங்காது. அலுமினிய உறையில் கவ்வியிருந்தால் உறையைச் சூடாக்குவது பலன் தரும். ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். தீச்சுடர் வேண்டாம், வெப்பக்காற்றுத் துப்பாக்கி போதும்; அருகில் ரப்பர் சீலும் எரிபொருள் குழாயும் இருக்கின்றன. எதற்கும் அசையாவிட்டால் கடைசி வழி, கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே ரம்பத்தை விட்டு ஆணியையும் குழலையும் சேர்த்தே அறுப்பது.

குழலுக்கு மட்டும் நான் எதையும் முன்வைக்கவில்லை. 'உட்குழல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எண்ணெய்க் குழாயோடு குழம்பும் என்று தோன்றுகிறது. 'புஷ்' என்றே விட்டால் கடையில் கேட்டு வாங்கவும் முடியும். உங்கள் கருத்து தெரிந்தால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.

பி.கு.: குவாட் பைக்கை 'நாற்சக்கரி' ஆக்கும் முயற்சி தனி இழையிலேயே ஓடட்டும், இங்கே இழுக்க வேண்டாம்.