தனியாக சைக்கிள் ஓட்டுபவருக்கு அவசர அடையாளப் பட்டை: எதில், எங்கே, என்ன எழுதுவது?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. விடியற்காலையில் ஈசிஆரில் தனியாக ஓட்டுகிறார். இன்சுலின் போடுகிறார், இதய வால்வு மாற்றியதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் உண்டு. பர்ஸில் ஒரு சீட்டு வைத்தால் போதுமா?

பதில் 1: போதாதுங்க. அடிபட்டவரின் பாக்கெட்டைத் துழாவப் பலர் தயங்குவார்கள். சைக்கிள் இருக்கைக்கு அடியில் உள்ள பையும் வேண்டாம்: ஆம்புலன்ஸில் ஆள் போவார், சைக்கிள் ரோட்டோரமே கிடக்கும். அடையாளப் பட்டையை மணிக்கட்டில்தான் கட்ட வேண்டும், நாடி பார்க்கிற கை அங்கே போகும். ஸ்டீல் தகட்டில் ஆழமாகப் பொறித்தது வாங்குங்கள். மேலே அச்சடித்தது வியர்வையில் அழிந்துவிடும்.

முதல் வரி பெயர். அடுத்தது வார்ஃபரின், ஏனென்றால் தலையில் லேசான அடிபட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம். டாக்டருக்கு அது உடனே தெரியணும். பிறகு இன்சுலின், மருந்து அலர்ஜி, இரண்டு செல் நம்பர். ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

பதில் 2: ரத்த வகைக்கு இடத்தை வீணாக்காதீர்கள். தகட்டை நம்பி யாரும் ரத்தம் ஏற்றமாட்டார்கள், மறுபடி சோதிப்பார்கள். இரண்டு நம்பரில் ஒன்று, அந்த நேரத்தில் விழித்திருந்து போன் எடுக்கிறவருடையதாக இருக்கணும்.

பதில் 3: போனிலும் போடுங்கள். ஐபோனில் ஹெல்த் ஆப், மெடிக்கல் ஐடி. பூட்டியிருந்தாலும் காட்டும்படி ஆன் செய்யணும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் செட்டிங்ஸில் எமர்ஜென்சி பகுதி. பிறகு போனைப் பூட்டி, எமர்ஜென்சியை அழுத்தி விவரம் வருகிறதா என்று பாருங்கள். விழுந்தால் போனும் உடையலாம், அதனால் பட்டையை விடவே கூடாது. மருந்து மாறினால் அன்றே புதுத் தகடு.