அரசுப் பல்கலைக்கழகத்தின் சாதனைப் பட்டியலில் எதைப் போடுவது?

நெடுவழி:
2025 அக்டோபரில் நோபல் அறிவிப்புகள் வந்த வாரம் முழுக்க எனக்கு ஒரே சந்தோஷம். இயற்பியலில் ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ். கிளார்க் பெர்க்லிக்காரர், மற்ற இருவரும் சாண்டா பார்பராவோடு தொடர்புள்ளவர்கள், இரண்டுமே கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழக வளாகங்கள். வேதியியலில் ஓமர் யாகி, அவரும் பெர்க்லி. அவரோடு பரிசைப் பகிர்ந்த கிதாகவா கியோத்தோ, ராப்சன் மெல்போர்ன். மருத்துவத்தில் மூவரில் ஒருவரான சகாகுச்சி ஒசாகா. எல்லாமே மக்கள் வரிப்பணம் போகிற இடங்கள். அரசு நிறுவனம் என்றாலே உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இந்தப் பெயர்களைக் கொஞ்சம் வரிசையாகப் படிக்க வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், பரிசு, தரவரிசை, காப்புரிமை, வந்த ஆராய்ச்சி நிதி எல்லாவற்றையும் தொகுத்து ஒவ்வொரு அரசுப் பல்கலைக்கழகமும் வருடாவருடம் வெளியிட வேண்டும். விளம்பரம் என்று சிலர் சொல்வார்கள். பணம் கொடுத்தவனுக்குக் கணக்குக் காட்டுவது எப்படி விளம்பரம் ஆகும்?

மூன்றாம்மணி:
எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நீங்கள் சொன்ன பெயர்களையே எடுத்துக்கொள்வோம். கிளார்க் குழுவின் சோதனைகள் நடந்தது 1984, 85-ல். அப்போது மார்ட்டினிஸ் ஆய்வு மாணவர், டெவோரே முனைவர் பட்டம் முடித்துவிட்டு பிரான்ஸிலிருந்து வந்தவர். சகாகுச்சியின் முக்கியமான கட்டுரை 1995. பிறகு எப்படி இது 2025-ன் சாதனை? நாற்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு நிர்வாகம் ஒரு சிறிய குழுவை நிம்மதியாக வேலை பார்க்க விட்டதன் பலன் இது. இன்றைக்கு இருக்கிற நிர்வாகம் பூங்கொத்து வாங்கிக்கொள்கிறது. இப்போது முதலாண்டு மாணவனுக்கு என்ன நடக்கிறது, ஆய்வு மாணவர்களில் எத்தனை பேர் பாதியில் போகிறார்கள், பாடம் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் தற்காலிகம் என்று அந்தப் பட்டியலில் ஒரு வரி வராது. நான் பாடம் எடுக்கிறவன், எட்டு வருடம் தற்காலிகமாகவே இருந்தவன். அந்த எட்டு வருடமும் எங்கள் நுழைவாயிலில் சாதனைப் பலகை மாறிக்கொண்டே இருந்தது.

நெடுவழி:
எட்டு வருடம் என்பது கொடுமைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வருடம் கழித்துத்தான் பலன் தெரிகிறது என்றால் அதைச் சத்தமாகச் சொல்ல அதுவே காரணம். அதே 2025-ல், ஜூலைக் கடைசியில், அதே கலிஃபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக்கு வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி நிதியில் 58 கோடி டாலருக்கு மேல் அமெரிக்க மத்திய அரசு நிறுத்திவைத்தது, வழக்குப் போட்டுத்தான் பெரும்பகுதியை மீட்க வேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள் வரும்போது, இந்தப் பணம் போனால் உங்களுக்கு என்ன போகும் என்று பொதுமக்களுக்கு எதை வைத்துச் சொல்வீர்கள்? கிளார்க் குழுவுக்குப் பரிசு வாங்கித் தந்த குவாண்டம் ஊடுருவல் (தாண்ட முடியாத தடையைத் துகள்கள் ஊடுருவிப் போவது) தெருவில் போகிறவருக்குப் புரியாது, நோபல் புரியும். புரிகிற மொழியில் பேசினால் தப்பா?

விண்ணப்பதாரி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தரவரிசை போடுகிற பட்டியலே வேண்டாம் என்கிறார் மூன்றாம்மணி. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. யாரைக் கேட்பது என்றும் தெரியாது. எனக்குக் கையில் கிடைப்பது அந்த எண் ஒன்றுதான். அதையும் பொய் என்று பிடுங்கிவிட்டால் நான் எதைப் பார்த்து விண்ணப்பிப்பது?

மூன்றாம்மணி:
தம்பி, அல்லது தங்கை, உங்கள் கேள்வி நியாயமானது. அதனால் நீளமாகவே எழுதுகிறேன். அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஷாங்காய் பட்டியல் என்ற உலகத் தரவரிசையில் (2003-ல் தொடங்கியது) நூற்றுக்கு 30 பங்கு நோபல், கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் மாதிரியான பரிசுகளுக்கு: 10 பங்கு பரிசு வாங்கிய பழைய மாணவர்களுக்கு, 20 பங்கு பரிசு வாங்கிய ஆசிரியர்களுக்கு. வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பதற்கு அதில் நேரடியாக எந்த மதிப்பெண்ணும் கிடையாது. க்யூ.எஸ். என்ற இன்னொரு உலகப் பட்டியலில் 30 பங்கு கல்வியாளர்களிடம் எடுக்கிற கருத்துக் கணிப்பு, 15 பங்கு வேலை கொடுப்பவர்களிடம் எடுக்கிற கணிப்பு. ஆக, ஏறக்குறைய பாதி பெயர்தான். பெயர் உள்ள இடத்துக்கே மேலும் பெயர். ஆசிரியர் மாணவர் விகிதத்துக்கு 10 பங்கு.

இன்னொரு 20 பங்கு மேற்கோள்களுக்கு, அதாவது அங்கே எழுதிய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை எடுத்துக்காட்டுகிறார்கள் என்பதற்கு. இந்த மேற்கோள் கணக்கை எப்படியெல்லாம் ஏற்றலாம் என்பதற்கு 2023-ல் ஸ்பெயினின் எல் பாயிஸ் நாளிதழ் வெளியிட்ட செய்தி ஒன்று போதும். அதிகம் மேற்கோள் காட்டப்படும் வெளிநாட்டு ஆய்வாளர்களுக்குச் சில சவூதிப் பல்கலைக்கழகங்கள் பணம் கொடுத்து, அவர்களுடைய முதன்மை நிறுவனமாகத் தங்கள் பெயரைப் போடவைத்தன என்று அது எழுதியது. ஆள் அங்கே வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை, பெயர் இருந்தால் போதும், ரேங்க் ஏறும். இதே காரணங்களால்தான் நெதர்லாந்தின் உட்ரெக்ட் 2023-ல் டைம்ஸ் உயர்கல்வித் தரவரிசைப் பட்டியலுக்குத் தகவல் தருவதை நிறுத்தியது, ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை ஒற்றை எண்ணில் அடைக்க முடியாது என்று காரணமும் சொன்னது. சூரிக் பல்கலைக்கழகம் 2024-ல் அதையே செய்தது. இரண்டுமே நல்ல இடத்தில் இருந்தவை. கீழே விழுந்தவர்களின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது.

நெடுவழி:
சரி, ரேங்க் விஷயத்தில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உட்ரெக்ட், சூரிக் மாதிரி பழைய பெயர் இருப்பவர்கள் விலகலாம். நேற்று ஆரம்பித்த ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் பட்டியலிலிருந்து விலகினால் அது உலகத்திலேயே இல்லை என்றுதான் ஆகும். அவர்களுக்கு வேறு என்ன வழி?

கடைசல்காரன்:
ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் வருகிறவன், இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு பல்கலைக்கழகப் பட்டறையில் இருக்கிறேன். லேத், மில்லிங், துளை போடுவது, ஆய்வுக்கூடத்துக்கு என்ன வேண்டுமோ செய்துகொடுப்பது. ராப்சன் பெயரைச் சொன்னீர்கள், அந்தக் கதையை யாரும் சொல்லவில்லை.

1974-ல் மெல்போர்னில் அவருக்கு வந்த வேலை ஆராய்ச்சி வேலையே கிடையாது. மாணவர்கள் மூலக்கூறு கட்டிப் பார்ப்பதற்கு மர உருண்டைகளை அணுக்களாக மாற்றித் தர வேண்டும். உருண்டையில் துளை போட்டால்தான் குச்சி செருக முடியும், அதைப் பல்கலைக்கழகப் பட்டறைதான் போட வேண்டும். துளையை இஷ்டத்துக்குப் போட முடியாது. கரிமம் என்றால் நான்கு துளை, எந்த இரண்டுக்கும் நடுவே 109.5 பாகை. உருண்டை வழுவழுப்பானது, பிடிப்பில் நிற்காமல் நழுவும், கோணம் கொஞ்சம் தப்பினாலும் குச்சி சாய்ந்து அடுத்த உருண்டையோடு சேராது. நான் இந்த மாதிரி செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆகவே ராப்சன் ஒவ்வொரு உருண்டையிலும் துளை எங்கே வர வேண்டும் என்று குறித்துத்தான் பட்டறைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்த உருண்டைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. துளை சரியான இடத்தில் இருந்தால் மாதிரி தானாகவே சரியான வடிவத்துக்கு வந்துவிடுகிறது, வடிவம் முழுக்கத் துளையின் இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் நிஜ அணுக்களையும் இப்படிக் கோக்கலாமே என்று யோசித்தார். பத்து வருடத்துக்கு மேல் அதை மனதில் போட்டு வைத்திருந்து, பிறகு செம்பு அயனியையும் நான்கு கைகள் கொண்ட ஒரு மூலக்கூறையும் கலந்து, உள்ளே பெரிய பெரிய வெற்றிடங்கள் உள்ள படிகம் ஒன்றை உண்டாக்கி 1989-ல் வெளியிட்டார். அந்த வழியில் மேலே போனவர்கள்தான் கிதாகவாவும் யாகியும். இன்று பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிற பொருள்கள் சில இந்த வகைதான்.

முதலில் பாடம் நடத்தத்தான் துளை போட்டார்கள். ஆராய்ச்சி பிறகு வந்தது.

நெடுவழி:
அருமை ஐயா. இதைத்தான் நானும் சொல்கிறேன், இந்தக் கதையைப் பட்டியலில் போட வேண்டும்.

மூன்றாம்மணி:
2025-ல் போடுவீர்கள். 1974-ல் போட்டிருப்பீர்களா? "வேதியியல் துறையில் மாணவர்களுக்குப் புதிய மர மாதிரிகள்" என்று ஒரு வரி ஆண்டறிக்கையில் வந்திருந்தால் நீங்களே தாண்டிப் போயிருப்பீர்கள். பரிசு, ரேங்க், காப்புரிமை என்று மட்டும் எண்ணினால் நிர்வாகம் அவை எங்கே கிடைக்குமோ அங்கேதான் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டும். முதலில் வெட்டு விழுவது பட்டறையில். ஐயாவையே கேளுங்கள்.

கடைசல்காரன்:
நாங்கள் பதினொரு பேர் இருந்தோம். இப்போது மூன்று பேர். ஓய்வு பெறுகிறவர் இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை. மாதிரிகளை இப்போது வெளியே வாங்குகிறார்கள், பிளாஸ்டிக்கில், எல்லாத் துளையும் ஏற்கனவே போட்டு வருகிறது.

நெடுவழி:
இது எனக்குத் தெரியாது. வருத்தமாக இருக்கிறது. சரி, பரிசைப் போடுவதோடு அந்த வேலை எந்த வருடம் நடந்தது, அப்போது யார் சம்பளத்தில் நடந்தது, பட்டறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் போட வேண்டும் என்று என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பட்டியலே வேண்டாம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரொரன்றோவில் 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். மறுவருடம் கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். இதைக் கேட்டு ஆராய்ச்சிக்கு வர ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! சொல்லாமல் இருந்தால் அந்த ஆசை எங்கிருந்து வரும்?

மூன்றாம்மணி:
நல்ல உதாரணம். காப்புரிமை எண்ணிக்கையைச் சாதனையாகப் போடச் சொன்னவரும் நீங்கள்தான். ரொரன்றோவின் பெருமை அந்தக் காப்புரிமையை வைத்து என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. எண்ணிக்கையில் பார்த்தால் அது வெறும் ஒன்று.

விண்ணப்பதாரிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. யாகியின் கதையைப் பாருங்கள். அகதிக் குடும்பம், ஜோர்தானில் பிறப்பு, பதினைந்து வயதில் அமெரிக்கா. முதலில் போனது ஒரு சமுதாயக் கல்லூரி, அப்புறம் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆல்பனி வளாகம். எந்த உலகப் பட்டியலின் உச்சியிலும் இல்லாத இடங்கள். போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனாஸ் சால்க் படித்த நியூயார்க் சிட்டி காலேஜ், 1847-ல் தொடங்கி 1976 வரை கட்டணமே வாங்காத இடம். என்னைப் பொறுத்தவரை ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் முதல் சாதனை அந்தக் கதவு திறந்திருப்பதுதான். அதனால் நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தில் இதைக் கேளுங்கள்: சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடிக்கிறார்கள், உங்களைப் போல வீட்டில் முதலில் படிக்க வந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள், முதலாண்டுப் பாடத்தை யார் எடுக்கிறார்கள், அவர்களை வகுப்புக்கு வெளியே பார்க்க முடியுமா.

விண்ணப்பதாரி:
நன்றி. நேற்று இரவே நான் பார்த்து வைத்திருந்த நான்கு பல்கலைக்கழகங்களின் இணையதளங்களிலும் தேடினேன். நான்கிலும் முகப்பிலேயே ரேங்க் இருக்கிறது, பெரிய எழுத்தில். எத்தனை பேர் முடிக்கிறார்கள் என்பது ஒன்றில் மட்டும் கிடைத்தது, ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில் ஒரு சின்ன அட்டவணையில். முதலில் படிக்க வந்தவர்கள் என்ற பிரிவு எதிலும் இல்லை. மற்ற மூன்றுக்கும் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். கடைசல்காரன் ஐயா, பட்டறை இருக்கிறதா என்றும் ஒரு வரி சேர்த்துக் கேட்டிருக்கிறேன்.