ஸ்டப் ஏரியாவை என்எஸ்எஸ்ஏ ஆக்கியபோது கண்டவை

ரௌட்டர்கள் தமக்குள் வழிகளைப் பகிரும் நெறிமுறையான ஓஎஸ்பிஎஃப்-இல், வலையமைப்பின் பகுதிகளான ஏரியாக்களின் வகைகளை, எந்த எல்எஸ்ஏ (வழித் தகவல் அறிவிப்பு) உள்ளே வரும், எது வராது என்ற அட்டவணையாகவே பலரும் மனப்பாடம் செய்கிறோம். ஒரு வாடிக்கையாளரின் கிளை ஏரியா ஸ்டப் ஆக, அதாவது ஓஎஸ்பிஎஃப்-க்கு வெளியிலிருந்து வரும் ரூட்டுகளை ஏற்காத வகையாக, இருந்தது. அங்குள்ள ரௌட்டர் ஒன்றில் கூட்டாளி நிறுவனத்தின் இணைப்பு வந்து சேர்ந்ததால், அதன் ஸ்டேட்டிக் (கையால் அமைத்த) ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஸ்டப் ஏரியாவுக்குள் ஏஎஸ்பிஆர் (வெளி ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் கொண்டுவரும் ரௌட்டர்) இருக்க முடியாது என்பதால், அதை அனுமதிக்கும் ஸ்டப் வகையான என்எஸ்எஸ்ஏ-வே வழி.

ஏரியா வகை, அண்டை ரௌட்டர்கள் பரிமாறும் ஹலோ பாக்கெட்டிலேயே குறிக்கப்படுகிறது. இரு முனைகளும் ஒத்துப்போகாவிட்டால் அண்டை உறவு உருவாகாது. ஆகவே தொலைவிலுள்ள ரௌட்டரில் தொடங்கி ஏபிஆர்-இல் (ஏரியாவை மற்ற ஏரியாக்களோடு இணைக்கும் எல்லை ரௌட்டரில்) முடித்தோம். தொடர்பு அறுந்த ரௌட்டர் ஒவ்வொன்றும் அதற்குள் மாற்றப்பட்டிருந்ததால், ஏபிஆர் மாறியதும் எல்லாம் திரும்பி வந்தன.

ஆனால் இணையம் மட்டும் வரவில்லை. ஸ்டப் ஏரியாவுக்கு ஏபிஆர் தானாகவே டீஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாதவற்றுக்கான பொது வழி) தருகிறது. எங்கள் ரௌட்டரோ, சாதாரண என்எஸ்எஸ்ஏ-வுக்கு அதைத் தனியாகக் கட்டளையிட்டால்தான் தந்தது. பேக்போனில் (மைய ஏரியாவில்) இருந்த டீஃபால்ட், வெளி ரூட்டுகளுக்கான வகை 5 எல்எஸ்ஏ என்பதால் உள்ளே நுழையவும் வழியில்லை.

உண்மையில் நேரத்தை விழுங்கியது அதற்குப் பின் வந்ததுதான். கூட்டாளியின் ரூட்டுகள், என்எஸ்எஸ்ஏ-வுக்குள் மட்டும் செல்லும் வகை 7 எல்எஸ்ஏ ஆகப் புறப்பட்டு, ஏபிஆர்-இல் வகை 5 ஆக மாறி, மற்ற ஏரியாக்களின் டேட்டாபேஸில் ஒழுங்காகவே தெரிந்தன. ரூட்டிங் டேபிளில் மட்டும் ஏறவில்லை. அந்த எல்எஸ்ஏ-வில் இருந்த ஃபார்வர்டிங் முகவரி (பாக்கெட்டுகளை எங்கே அனுப்ப வேண்டும் என்பது), என்எஸ்எஸ்ஏ-வுக்குள் இருக்கும் ஓர் இன்டர்ஃபேஸின் முகவரி. அந்த சப்நெட்டை ஏபிஆர்-இல் யாரோ முன்பே வடிகட்டி வைத்திருந்தார்கள். ஃபார்வர்டிங் முகவரிக்கு ஓஎஸ்பிஎஃப்-இன் உள் ரூட் இல்லையென்றால் அந்த எல்எஸ்ஏ-வைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்பது 1998-இல் வெளியான ஓஎஸ்பிஎஃப் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 2328-இன் விதி. வடிகட்டியில் அந்த சப்நெட்டை அனுமதித்த உடனே ரூட்டுகள் ஏறிவிட்டன.

*

ஏரியா வகை தொடர்பாக நான் சந்தித்த வேறொரு நிகழ்வில் அண்டை உறவு எதுவும் அறுபடவில்லை என்பதே சிக்கலாக இருந்தது. இரண்டு ஏபிஆர் கொண்ட டோட்டலி ஸ்டப்பி ஏரியாவில் (டீஃபால்ட் ரூட் மட்டுமே உள்ளே வர வேண்டிய ஸ்டப் வகை), மற்ற ஏரியாக்களின் வகை 3 சுருக்க ரூட்டுகளை நிறுத்தும் கட்டளை ஒன்றில் மட்டுமே இடப்பட்டிருந்தது. அக்கட்டளை ஹலோவில் தெரிவதில்லை. எனவே எந்த எச்சரிக்கையும் எழவில்லை. மற்ற ஏபிஆர் வகை 3 ரூட்டுகளைத் தொடர்ந்து அனுப்பியதால், பிற ஏரியாக்களுக்கான போக்குவரத்து முழுவதும், குறிப்பான ரூட்டே வெல்லும் என்ற முறைப்படி, அந்த ஒரே இணைப்பில் குவிந்தது. இணைப்பு நிரம்பி வழிகிறது என்ற புகார் வந்த பிறகுதான் இரு ஏபிஆர்-களின் கட்டமைப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தோம்.