மறு: மறு: வளவு வீடு குத்தகை – பங்குக்கு 60,000 ரூபாய்

பங்காளிகளுக்கு வணக்கம்.

நம் செட்டிநாட்டுப் பூர்வீக வீட்டை விடுதிக்குக் குத்தகைக்கு விடும் முன் பழுது பார்க்கப் பங்குக்கு 60,000 ரூபாய் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைக் கட்ட மாட்டேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. கோலாலம்பூர் அண்ணன் அப்படி எழுதியது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. என் பங்கு இந்த வாரமே வந்துவிடும். ஆனால் விடுதிக்காரருக்குக் கையெழுத்துப் போடும் முன் எல்லோரும் இதைப் படியுங்கள்.

தை மாசம் தங்கை ஊருக்குப் போயிருந்தாள். இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாம் முற்றப் பகுதியில், சுவரை இடுப்பளவுக்குக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். மேலே பளிங்கு மாதிரி வெள்ளை, கீழே சாம்பல் திட்டு. திட்டுக்கு மேல் விளிம்பில் அதற்குள்ளாகவே உப்புப் பூத்து, பழைய பூச்சு தோலாக உரிகிறது.

அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்து, பூச்சுமேல் பூச்சாக ஏற்றி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த வழவழப்பு அது. சித்திரை வெயிலில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்போமே, அந்தச் சுவர்தான். சுண்ணாம்பு, தரையிலிருந்து ஏறும் ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அடைத்துவிடும். அந்த ஈரம் மேலே ஏறி நல்ல பூச்சையும் தள்ளும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூட, நாளும் கூட. அதற்குத்தான் நான் பணம் தருகிறேன், சிமெண்டுக்கு இல்லை.

லண்டன் ஆச்சி, "பாட்டையா பர்மாவில் கொண்டுவிற்று (தொழில் செய்து) கட்டிய வீட்டில் ஊர்பேர் தெரியாதவர்கள் படுப்பதா" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு ஆச்சி. ஆனால் 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததோடு அங்கே இருந்ததெல்லாம் போயிற்று, நமக்கு மிஞ்சியது வீடுதான். பூட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று மேலத்தெருவில் பார்த்தோமே. பங்கு ஒத்துவராமல் தேக்குத் தூணையும் வாசல் நிலையையும் கழற்றி விற்றார்கள். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் யார் வீட்டு நிலை என்றே தெரியாமல் சாய்த்து வைத்திருக்கிறார்கள். 2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன, ஆனால் நம் கூரை ஓட்டைப் பிரித்து மேய நாம்தான் செலவு செய்ய வேண்டும். கானாடுகாத்தானில் விடுதியான வீடுகளைப் போய்ப் பாருங்கள், விளக்காவது எரிகிறது.

அதனால் குத்தகைக்கு நான் சம்மதம். சாமி வீட்டுச் சாவி நம்மிடமே இருக்க வேண்டும். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு நாளில் முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை முழு வீடும் நமக்கு. வளவில் (நடு முற்றக் கூடத்தில்) ஆத்தங்குடித் தரைக் கல்லைப் பெயர்க்கக் கூடாது. குளியலறையெல்லாம் மூன்றாங்கட்டோடு நிற்கட்டும், இரட்டை வீட்டுச் சுவரை (வளவை ஒட்டிய அறைகளின் சுவரை)க் குடைந்து குழாய் போட விடாதீர்கள். இவ்வளவும் பத்திரத்தில் வர வேண்டும்.

அண்ணே, கணக்கு கேட்பது சரிதான், சிமெண்ட் வாங்கிய ரசீதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆனால் அப்பச்சி, ஆத்தாவின் வளையலை அடகு வைத்து ஓடு மேய்ந்த வருஷம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. கிணற்றுப் பங்குப் பேச்சை இதில் இழுக்க வேண்டாம்.

வேலையை நிறுத்தச் சொல்லி நாளைக் காலை சித்தப்பாவிடம் பேசுகிறேன். தங்கை எடுத்த போட்டோவை இணைத்திருக்கிறேன். இடது ஓரத்தில் தெரிவது அப்பத்தா விசிறி மாட்டும் ஆணி. அதற்கு ஒரு முழம் கீழே வரைக்கும் கொத்திவிட்டார்கள்.

மூன்றாம் பங்கு,
சிங்கப்பூர்